பிறவித் தைராய்டு சுரப்புக்குறை

பிறவித் தைராய்டு சுரப்புக்குறை என்பது ஒரு குழந்தையின் தைராய்டு சுரப்பி பிறப்பிலேயே போதிய அளவு தைராக்சினைச் சுரக்க இயலாத நிலையாகும். தைராக்சின், ஹார்மோன் எனப் பரவலாக அறியப்படும் இயக்குநீர்களுள் ஒன்று. அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை உண்டாக்கும் காரணங்களுள், முன்கூட்டியே கண்டறிந்தால் ஏறத்தாழ முழுமையாகத் தடுக்கக்கூடியவற்றில் மிகப் பரவலானது இந்நோய் எனலாம். பிறந்த இரண்டு வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கப்பட்ட குழந்தை பிற குழந்தைகளைப் போலவே வளர்ந்து பள்ளிக்குச் செல்லும். சில மாதங்கள் தாமதமானால் மூளையில் ஏற்படும் இழப்பைப் பின்னர் கொடுக்கப்படும் எந்த மருந்தாலும் முழுமையாக மீட்க இயலாது.

இதனை அயோடின் பற்றாக்குறையால் சில மலைப்பகுதிகளில் காணப்பட்ட வட்டார நோயுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. அயோடின் சேர்த்த உப்பு அந்நோயைத் தடுக்கும். இங்கு குறிப்பிடப்படும் நோயில் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சுரப்பியே சரியாக உருவாகியிருக்காது என்பதால், உப்பினால் பயனில்லை.

உடலில் நிகழ்வது

தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே அமைந்துள்ளது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டு தூண்டும் இயக்குநீரை வெளியிட்டு இதனைக் கட்டுப்படுத்துகிறது. இத்தூண்டும் இயக்குநீர் டி.எஸ்.எச். எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. குருதியில் தைராக்சின் குறையும்போது டி.எஸ்.எச். உயர்கிறது; தைராக்சின் மிகும்போது டி.எஸ்.எச். குறைகிறது. ஆகவே, உயர்ந்த டி.எஸ்.எச். என்பது தைராய்டு தன் பணியைச் செய்யவில்லை என்பதற்கான முதற்சான்று. இந்நோய்க்கான பரிசோதனைகளுள் பெரும்பாலானவை இந்த எளிய பின்னூட்டத்தையே அடிப்படையாகக் கொண்டவை.

நரம்பணுக்கள் உரிய இடங்களுக்கு நகர்வதற்கும், அவற்றின் மீது மயலின் உறை படிவதற்கும், அவற்றுக்கிடையே இணைப்புகள் பெருகுவதற்கும் தைராக்சின் இன்றியமையாதது. இத்தேவை கருவிலிருந்து ஏறத்தாழ மூன்று வயது வரை மிகுதியாக உள்ளது. கருவில் இருக்கும்போது தாயின் தைராக்சினில் ஒரு பகுதி நச்சுக்கொடி வழியாகக் குழந்தையை அடைந்து ஓரளவு பாதுகாப்பளிக்கிறது. தொப்புள்கொடி வெட்டப்பட்டவுடன் அப்பாதுகாப்பு முடிவுக்கு வருகிறது. தைராக்சினின் அரை ஆயுள் சில நாட்களே ஆகையால், தாயிடமிருந்து பெற்ற கையிருப்பு முதலிரு வாரங்களில் பெருமளவு தீர்ந்துவிடும். இரண்டு வாரக் கெடு என மருத்துவர்கள் வலியுறுத்துவதன் பின்னணி இதுவே.

காரணங்கள்

நோயுள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சுரப்பியின் உருவாக்கமே பிழைபட்டிருக்கும். சுரப்பி முற்றிலும் இல்லாதிருக்கலாம், மிகச் சிறியதாக இருக்கலாம், அல்லது நாக்கின் அடிப்பகுதி போன்ற இடங்களிலேயே தங்கிவிட்டிருக்கலாம். கருவளர்ச்சியில் தைராய்டு நாக்கின் வேரில் தோன்றிக் கழுத்துக்கு இறங்கி வருவதால் இவ்வாறு நேர்கிறது. இவ்வகை பெரும்பாலும் மரபுவழி வருவதில்லை. பி.ஏ.எக்ஸ்.8, என்.கே.எக்ஸ்.2-1 போன்ற மரபணுக்களில் மாற்றம் காணப்படுவது ஒரு சிறு பகுதியினரிடமே.

மற்றொரு வகையில் சுரப்பி தன் இடத்தில் இருக்கும்; ஆனால் தைராக்சினை உருவாக்கும் நொதிகளுள் ஒன்று குறைபட்டிருக்கும். இவ்வகை பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமிருந்தும் குறைபட்ட மரபணுவைப் பெற்றால் மட்டுமே வெளிப்படுகிறது. எனவே நெருங்கிய உறவில் மணம் செய்யும் சமூகங்களில் இதற்கான வாய்ப்புக் கூடுதல். தாய்மாமன், அத்தை மகன் எனச் சொந்தத்தில் மணமுடிக்கும் வழக்கமுடைய தென்னிந்தியக் குடும்பங்களில் ஒரு குழந்தைக்கு இவ்வகை நோய் உறுதியானால், அடுத்தடுத்த குழந்தைகளுக்குத் தலா நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதைப் பெற்றோருக்கு எடுத்துரைக்க வேண்டும்.

பிட்யூட்டரியின் பழுதால் டி.எஸ்.எச். குறைந்து உண்டாகும் மூன்றாவது வகையும் உண்டு. டி.எஸ்.எச். மட்டும் அளக்கும் பரிசோதனைகள் இதனைத் தவறவிட்டுவிடும். தைராக்சினையும் சேர்த்து அளக்கும் நெதர்லாந்து போன்ற நாடுகளில் இது கண்டறியப்படுகிறது.

அறிகுறிகள்

நோயுள்ள குழந்தைகளில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பிறக்கும்போது எவ்வித வேறுபாடுமின்றித் தோன்றுவர். எடையும் நீளமும் இயல்பாகவே இருக்கும். பின்னர் மெல்லத் தோன்றும் அறிகுறிகளும் குழப்பமானவை: நீடிக்கும் மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், தொப்புள் பிதுக்கம், பெரிய நாக்கு, கரகரப்பான அழுகை, அகன்ற உச்சிக்குழி, குளிர்ந்து உலர்ந்த தோல், தசைத் தளர்ச்சி, பால் குடிக்கையில் சோர்வு. குழந்தை அதிகம் அழாது, நெடுநேரம் உறங்கும். அழாத குழந்தையைச் சாதுவானது என்று வீட்டார் பாராட்டுவது இயல்பு. அப்பாராட்டே சில வேளைகளில் நோயின் முதல் அடையாளமாக இருப்பது வருந்தத்தக்கது.

பொதுப் பரிசோதனை தொடங்குவதற்கு முந்தைய காலத்தை ஆராய்ந்த டென்மார்க் ஆய்வொன்றில், முதல் மாதத்தில் கண்டறியப்பட்டவர்கள் 10 விழுக்காட்டினரே. மூன்று மாதத்தில் 35 விழுக்காட்டினரும், ஓராண்டு நிறைவில் 70 விழுக்காட்டினரும் கண்டறியப்பட்டிருந்தனர். நல்ல மருத்துவ வசதியுள்ள நாட்டிலேயே நிலை இதுவாயின், கண்ணால் பார்த்து இந்நோயைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை.

வரலாறு

1850 இல் இலண்டன் அறுவை மருத்துவர் தாமசு கர்லிங், மூளை வளர்ச்சி குன்றிய இரு குழந்தைகளுக்குத் தைராய்டு சுரப்பியே இல்லாதிருந்ததைப் பதிவு செய்தார். 1891 இல் நியூகாசில் நகரில் சார்ச் மரே, தைராய்டு குறைந்த 46 வயதுப் பெண் ஒருவருக்குச் செம்மறியாட்டுச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அவர் மேலும் 28 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். அக்காலத்தில் 870 க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் அவருக்குத் தேவைப்பட்டனவாம். 1914 கிறித்துமசு நாளன்று எட்வர்டு கெண்டல் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதன் வேதியியல் கட்டமைப்பைச் சார்லசு ஆரிங்டன் 1926 இல் கண்டறிந்து, அடுத்த ஆண்டு சார்ச் பார்கருடன் இணைந்து செயற்கையாகத் தயாரித்தார்.

மருந்து கிடைத்தும் குழந்தைகளின் நிலை பெரிதும் மாறவில்லை, காரணம் காலதாமதம். 1972 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதனை எண்களால் காட்டியது. மூன்று மாதத்துக்குள் மருத்துவம் தொடங்கியவர்களின் சராசரி நுண்ணறிவு ஈவு 89. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்கியவர்களுக்கு 70. அதற்கும் பின்னர் தொடங்கியவர்களுக்கு 54.

இதற்கான விடை ஒரு துண்டுத் தாளில் கிடைத்தது. ராபர்ட் கத்ரீ 1960 களின் தொடக்கத்தில் பீனைல்கீட்டோன்யூரியா என்னும் வேறொரு நோய்க்காகக் குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த குருதித் துளிகளை வடிதாளில் உலர்த்திச் சோதிக்கும் முறையை உருவாக்கியிருந்தார். கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த சான் டுசோ, அதே உலர்ந்த புள்ளியிலிருந்து தைராக்சினை அளக்க வழிகண்டார். 1974 இல் அம்மாகாணத்தில் அனைத்துக் குழந்தைகளுக்கும் பரிசோதனை தொடங்கியது.

பிறந்த குழந்தைப் பரிசோதனை

குதிகால் குருதியைப் பிறந்த 48 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுப்பது சிறந்தது. இதற்குக் காரணம் உண்டு. கருப்பையின் வெதுவெதுப்பிலிருந்து வெளியே வந்தவுடன், குளிரை எதிர்கொள்ளும் பொருட்டுக் குழந்தையின் டி.எஸ்.எச். அரை மணி நேரத்தில் லிட்டருக்கு 60 முதல் 80 மில்லி அலகுகள் வரை தாவுகிறது. நலமான குழந்தைகளுக்கும் இது நிகழும். முதல் நாளிலேயே குருதி எடுத்தால் பொய்யான எச்சரிக்கைகள் பெருகும். தாய் விரைவில் வீடு திரும்பும் மருத்துவமனைகளில் இதற்கு மாற்றாகத் தொப்புள்கொடிக் குருதி பயன்படுகிறது. இது மேற்கூறிய ஏற்றத்துக்கு முன்னரே எடுக்கப்படுவதால் ஏற்கத்தக்கது.

இந்தியக் குழந்தைநல இயக்குநீர் மருத்துவர்களின் 2018 வழிகாட்டுதல்படி, முதற்பரிசோதனையில் 20 க்கு மேற்பட்ட டி.எஸ்.எச். இருந்தால் மறுபரிசோதனை தேவை. 40 க்கு மேற்பட்டால் குழந்தையை உடனே அழைத்துச் சிரைக்குருதியில் உறுதி செய்ய வேண்டும். இவ்வெண்கள் நீர்மக் குருதியளவில் கூறப்படுபவை. சில ஆய்வகங்கள் முழுக்குருதியளவில் அறிக்கை தருகின்றன. அவ்வெண்ணை ஏறத்தாழ 2.2 ஆல் பெருக்கினால்தான் நீர்மக் குருதியளவு கிடைக்கும். முழுக்குருதியில் 15 என்பது உண்மையில் 33. அலகைக் கவனியாமல் 15 தானே என்று விட்டுவிட்டால் குழந்தை தவறிப்போகும்.

குறைமாதக் குழந்தைகளின் பிட்யூட்டரி முதிர்ச்சியடையாததால் டி.எஸ்.எச். தாமதமாக உயரக்கூடும். எனவே அவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வார வயதில் மீண்டும் குருதி எடுக்கப்படுகிறது. ஒரே பால் இரட்டையருக்கும் இவ்வாறே. ஒருவரின் குருதி மற்றவருடன் கருவில் கலந்து நோயை மறைத்திருக்கலாம்.

மருத்துவம்

லீவோதைராக்சின் மாத்திரையே மருந்து. தொடக்க அளவு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். மூன்று கிலோ குழந்தைக்கு 25 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்றரை, அதாவது 37.5 மைக்ரோகிராம், என்பது நடைமுறையில் எளிய அளவு. மாத்திரையைப் பொடித்து, ஒரு கரண்டி தாய்ப்பாலிலோ நீரிலோ கரைத்து உடனே புகட்ட வேண்டும். பால் புட்டியில் கலக்கக் கூடாது. குழந்தை பாலை மிச்சம் வைத்தால் மருந்தும் மிச்சமாகிவிடும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து மருந்துகளும் சோயா பாலும் உட்கிரகிப்பைக் குறைப்பதால் அவற்றுக்குச் சில மணி நேர இடைவெளி தேவை.

சுரப்பியின் இருப்பை அறிய மீயொலி வரைவும் டெக்னீசியம் வரைவும் உதவுகின்றன. ஆனால் அவற்றுக்காக மருந்தைத் தள்ளிப்போடுதல் கூடாது என்பதில் எல்லா வழிகாட்டுதல்களும் ஒன்றுபடுகின்றன.

மருந்து தொடங்கிய இரண்டு வாரங்களுக்குள் முதல் அளவீடும், டி.எஸ்.எச். இயல்புக்கு வரும்வரை இரு வாரங்களுக்கொரு முறையும், பின்னர் முதலாண்டில் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கொரு முறையும் குருதி சோதிக்கப்படுகிறது. எடை கூடும்போது மருந்தின் அளவும் கூட்டப்படும். அளவுக்கு மீறிக் கொடுப்பதும் தீங்கே. மண்டையோட்டுத் தையல்கள் முன்கூட்டியே மூடிவிடுதல் அறியப்பட்ட விளைவு. குழந்தை நலமாகத் தோன்றுவதைக் கண்டு மாத்திரையை நிறுத்திவிடுவது பெற்றோர் செய்யும் பெரும் தவறு. நலமாக இருப்பதற்குக் காரணமே அம்மாத்திரைதான்.

எல்லோருக்கும் இது வாழ்நாள் நோயன்று. தாயின் தைராய்டு மருந்துகள், தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருட்கள், தொப்புளில் தடவிய போவிடோன் அயோடின் போன்றவற்றால் தற்காலிகக் குறை உண்டாகலாம். சுரப்பி தன் இடத்தில் உள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதில், மருத்துவரின் கண்காணிப்பில் நான்கு வாரம் மருந்தை நிறுத்திச் சோதிப்பது வழக்கம். மூளையின் பெரும் தேவை அதற்குள் கடந்திருக்கும். 2021 இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல், தகுந்த சிலருக்கு ஆறு மாதத்துக்குப் பின்னரே இதனைச் செய்ய இடமளிக்கிறது.

ஆய்வுகள்

தற்போதைய விவாதத்தின் மையம், மெலிதாக உயர்ந்த டி.எஸ்.எச். கொண்ட குழந்தைகளாவர். கியூபெக்கில் 2001 இல் இரண்டாம் சோதனையின் எல்லை 15 இலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. கூடுதலாகக் கண்டறியப்பட்டவர்களுள் பெரும்பாலோருக்குச் சுரப்பி தன் இடத்திலேயே இருந்தது, குறையும் மெலிதே. நோய் பெருகிவிட்டது என்ற பேச்சுக்கு வலையின் கண் சிறுத்ததே பெரும் காரணம் என இதனால் தெரிந்தது. இத்தகைய குழந்தைகளுக்கு மருந்து பயன் தருமா என்பது இன்னும் தீராத வினா.

2012 இல் பிரசல்சு ஆய்வாளர்கள் எலியின் முளையக் குருத்தணுக்களிலிருந்து தைராய்டு திசுவை வளர்த்து, தைராய்டு அற்ற எலிகளுக்குப் பொருத்தித் தைராக்சின் சுரக்கச் செய்தனர். மனிதக் குருத்தணுக்களைக் கொண்டு இதேபோன்ற திசுவை அக்குழுவினர் 2022 இல் உருவாக்கினர். மலிவான மாத்திரை ஒன்று போதுமான நோய்க்கு இது உடனடித் தேவையன்று. எனினும் சுரப்பி உருவாகாமல் போவதன் காரணத்தை அறிய இத்திசுக்கள் உதவும்.

இந்தியாவில்

மேலை நாடுகளில் 2,000 முதல் 4,000 பிறப்புகளுக்கு ஒன்று எனக் கணக்கிடப்படும் இந்நோய், இந்தியாவில் அதனினும் மிகுதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2018 இல் வெளியானது. அதில் 1,130 பிறப்புகளுக்கு ஒன்று எனவும், தென்னிந்தியரிடையே 727 க்கு ஒன்று எனவும் கண்டறியப்பட்டது.

ஆயினும் நாடு முழுவதற்கும் கட்டாயமான பரிசோதனைத் திட்டம் இல்லை. 2013 இல் தொடங்கிய தேசியக் குழந்தைநலத் திட்டமான ராஷ்டிரிய பால் சுவஸ்திய காரியக்ரமின் நோய்ப்பட்டியலில் இது விருப்பத்துக்குரியதாகவே இடம்பெற்றது. கேரளம் தன் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையை நடைமுறைப்படுத்தியது. தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் பெற்றோர் கேட்டால் செய்கின்றனர்.

குருதி எடுப்பதைவிடக் கடினமானது, முடிவு தெரிந்தபின் குழந்தையைத் தேடிப் பிடிப்பது. பேற்றுக்காகத் தாய்வீடு வரும் பெண், மருத்துவமனையில் கணவர் வீட்டு முகவரியையும் கணவரின் தொலைபேசி எண்ணையும் கொடுத்திருப்பார். குழந்தையோ தாய்வீட்டில் இருக்கும். எனவே குருதி எடுக்கும்போதே, அடுத்த ஒரு மாதம் குழந்தை தங்கவிருக்கும் முகவரியையும் அவ்வீட்டாரின் எண்ணையும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். முடிவு வரவில்லையெனில் எல்லாம் சரி என எண்ணிவிடாமல், பத்தாம் நாளுக்குள் பெற்றோரே ஆய்வகத்தைக் கேட்டறிவது நல்லது.