ஜில்லென்று ஒரு நெருப்பு!

அடியில் குட்டியாக நெருப்பு எரிகிறது. மேலே ஐஸ் உறைகிறது. கரன்ட் கிடையாது, மோட்டார் கிடையாது, 'உர்ர்' என்ற உறுமலும் கிடையாது. ஏதோ மேஜிக் ஷோ என்று நினைத்துவிடாதீர்கள். நெருப்பை வைத்தே குளிரை உண்டாக்கும் ஃப்ரிட்ஜ் அது!

அமெரிக்காவில் லீவு விட்டால் குட்டி வீட்டையே சக்கரத்தில் கட்டி ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போவார்களே, அந்த வண்டிகளிலும் காட்டுக்குள் இருக்கும் மரவீடுகளிலும் இதைப் பார்க்கலாம். தீனி, புரொபேன் கேஸ். நம் சமையல் சிலிண்டருக்குள் பியூட்டேனோடு கலந்து இருக்கிறதே, அதே புரொபேன்தான்.

நெருப்புக்கும் குளிருக்கும் எப்படி முடிச்சு விழுந்தது?

மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. இதையே தண்ணீருக்குப் பதில் அம்மோனியாவை வைத்துச் செய்தால் ஐஸே கிடைக்கும். 1859-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஃபெர்டினாண்ட் காரே அதைத்தான் செய்தார். தண்ணீரில் கரைந்த அம்மோனியாவைச் சூடாக்கினால் அது வாயுவாகப் பிரிந்து மேலே வரும். அதைக் குளிரவைத்துத் திரவமாக்கி, மறுபடி ஆவியாக விட்டால் சுற்றியிருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு தண்ணீர் அதைக் குடித்துவிடும். மறுபடி நெருப்பு... மறுபடி ஐஸ்!

இந்த மெஷினுக்குச் சீக்கிரமே அவசர வேலை வந்தது. 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. அதுவரை தென் மாநிலங்களுக்கு ஐஸ் வந்துகொண்டிருந்தது வடக்கே உறைந்த ஏரி, குளங்களிலிருந்து. (அதே ஐஸ்தான் பாஸ்டனில் கப்பலேறி, நம்ம மெட்ராஸ் ஐஸ் ஹவுஸ் வரை வந்து இறங்கியது!) எதிரிக்கு யார் ஐஸ் கொடுப்பார்கள்? வரத்து நின்றது. துறைமுகங்களை வடக்கின் கப்பல்கள் முற்றுகையிட்டிருக்க, காரேயின் மெஷின் மெக்ஸிகோ வழியாகச் சுற்றிக்கொண்டு டெக்ஸாஸின் சான் அன்டோனியோவுக்குள் ரகசியமாக நுழைந்தது.

ஆனால், காரேயின் பெரிய மெஷின்களுக்கு பம்ப் தேவைப்பட்டது. வீட்டுக்குள் வைக்கிற சமாச்சாரம் இல்லை. அதை மாற்றியவர்கள் ஸ்டாக்ஹோம் நகரில் படித்துக்கொண்டிருந்த இரண்டு இன்ஜினீயரிங் மாணவர்கள். பால்ட்ஸர் வான் பிளாட்டன், கார்ல் மன்டர்ஸ். வயது இருபத்து சொச்சம்! 1922-ல் அவர்கள் அம்மோனியா, தண்ணீரோடு ஹைட்ரஜனையும் உள்ளே அடைத்தார்கள். அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமானது. பம்புக்கு வேலை போயிற்று. கொதிக்கும் குமிழிகளே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறின. நகரும் பாகம் ஒன்றுகூட இல்லாத ஃப்ரிட்ஜ்! எலெக்ட்ரோலக்ஸ் கம்பெனி 1925-ல் உரிமையை வாங்கிப்போட்டது.

அந்தக் காலத்து மற்ற ஃப்ரிட்ஜ்களுக்குள் இருந்ததெல்லாம் சல்ஃபர் டை ஆக்ஸைடு, மீத்தைல் குளோரைடு போன்ற விஷ வாயுக்கள். பெர்லினில் ஒரு குடும்பமே, ஃப்ரிட்ஜிலிருந்து கசிந்த வாயுவால் தூக்கத்திலேயே செத்துப்போன செய்தியைப் பேப்பரில் படித்து ஒருவர் மனசு நொந்துபோனார். அவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்! இளம் விஞ்ஞானி லியோ சிலார்டுடன் சேர்ந்து, கசிவுக்கு வழியே இல்லாத ஃப்ரிட்ஜ்களை வடிவமைத்தார். 1930-ல் அமெரிக்க பேட்டன்ட்கூடக் கிடைத்தது. சில உரிமைகளை எலெக்ட்ரோலக்ஸே வாங்கியது. ஆனால், ஐன்ஸ்டைன் ஃப்ரிட்ஜ் கடைசிவரை கடைக்கு வரவில்லை.

சரி, சத்தமே போடாத கேஸ் ஃப்ரிட்ஜ் ஏன் நம் வீட்டுக்கு வரவில்லை? இங்கேதான் வியாபாரம் குறுக்கே வந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்கு, ராத்திரி பகல் பாராமல் கரன்ட் குடிக்கும் ஒரு பெட்டி எல்லா வீட்டிலும் வேண்டும். 1927-ல் தன் 'மானிட்டர் டாப்' ஃப்ரிட்ஜை இறக்கி, விளம்பரத்துக்குப் பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தது. கரன்ட் கம்பெனிகளும் கைகோத்தன. அமெரிக்காவில் கேஸ் ஃப்ரிட்ஜைத் தயாரித்த செர்வல் கம்பெனி, முப்பது வருடம் மல்லுக்கட்டிவிட்டு 1950-களின் இறுதியில் கடையைக் கட்டியது. உறுமுகிற ஃப்ரிட்ஜ் ஜெயித்துவிட்டது!

தோற்றது அழிந்துவிடவில்லை. ஒயர் போகாத இடத்துக்கெல்லாம் அது போனது. கரன்ட் இல்லாத கிராமங்களில் கேஸிலும் மண்ணெண்ணெயிலும் ஓடி, குழந்தைகளின் தடுப்பு மருந்தைக் கெடாமல் காத்தது. வெளிக் கரன்ட் இணைப்பே கூடாது என்று வாழும் அமெரிக்காவின் ஆமிஷ் மக்கள் பலரின் சமையலறையில் இன்றும் இருக்கிறது. பயண வண்டிகளில் மட்டும் சோலாரும் 12 வோல்ட் கம்ப்ரஸரும் இப்போது அதன் இடத்தைப் பிடித்து வருகின்றன.

இதற்குச் சில பிடிவாதங்கள் உண்டு. பம்ப் இல்லாததால் எல்லாம் புவிஈர்ப்பு தயவில்தான் ஓட வேண்டும். வண்டியைச் சரிவில் நிறுத்தினால் குழாய்க்குள் ஓட்டம் நின்றுவிடும்.

இன்னொன்று, உயிர் விஷயம். பர்னரில் புகைக்கரி அடைத்து நெருப்பு அரைகுறையாக எரிந்தால், கார்பன் மோனாக்ஸைடு கிளம்பும். நிறமில்லை, வாசனையில்லை. மூடிய மரவீட்டுக்குள் தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். 1933-க்கும் 1957-க்கும் இடையே தயாரான பழைய செர்வல் ஃப்ரிட்ஜ்கள் இப்படிப் பல உயிர்களைக் குடித்தன. 'உடனே நிறுத்துங்கள்' என்று அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்தது. பெர்லினில் நடந்ததைப் படித்து ஐன்ஸ்டைன் எதற்குப் பயந்தாரோ, அதுவே வேறு வாயுவின் ரூபத்தில் வந்து நின்றது.

எனவே, வெளிநாட்டு உறவினரோடு நீங்கள் காட்டுக்குள் கேம்ப் போக நேர்ந்தால், படுக்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வேலை செய்கிறதா? ஃப்ரிட்ஜின் ஜ்வாலை நீலமாக எரிகிறதா? மஞ்சளாக இருந்தால் முதலில் கேஸை மூடுங்கள், ஜன்னலைத் திறங்கள். ஐஸ்க்ரீம் உருகினால் உருகட்டும்!