ஒரு போதகரின் ஐந்தொகை

எஸெக்ஸ் கிராமம் ஒன்றின் போதகர் ரால்ஃப் ஜாஸ்லின், தன் மூத்த மகள் மேரி 1650ஆம் வருஷம் மே மாதம் 27ஆம் தேதி இறந்தபோது, அவள் உயிரோடு இருந்த காலத்தைக் கணக்கிட்டுத் தன் நாட்குறிப்பில் பதிந்தார்: 8 வருஷம், 45 நாள். 8 வருஷம் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். சபைப் பதிவேட்டுக்கு அதுகூட வேண்டியதில்லை. அந்த 45 நாளை எண்ணி எடுத்த மனம் எப்படி இயங்கியது என்று யோசித்துப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

ஜாஸ்லின் 1617ல் எஸெக்ஸின் ராக்ஸ்வெல் என்ற ஊரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தார். 1640ல் ஜேன் கான்ஸ்டபிளை மணந்தார். 1641ல் ஏர்ல்ஸ் கோன் கிராமத்துக்குப் போதகராக வந்து, 1683ல் சாகும்வரை அங்கேயே இருந்தார். இந்த 42 வருஷங்களுக்குள் உள்நாட்டுப் போர் வந்து போயிற்று. ஒரு ராஜாவின் தலை போயிற்று. பிஷப்புகள் ஒழிக்கப்பட்டு மறுபடி வந்தார்கள்; பொதுஜெபப் புத்தகம் தடைசெய்யப்பட்டு மறுபடி வந்தது. 1662ல் புதிய ஒழுங்குக்கு உட்படாத போதகர்கள் நாடெங்கும் வெளியேற்றப்பட்டபோதும் ஜாஸ்லின் தன் இடத்தில் எப்படியோ தங்கிவிட்டார். தியாகி என்று சொல்ல முடியாது. சபையிலிருந்து வந்த வருமானம் போதாமல் நிலம் வாங்கிப் பயிர் வைத்தார், 1650லிருந்து சில வருஷங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகவும் இருந்தார். பாதிப் போதகர், பாதிக் குடியானவர். இப்படிப்பட்டவர்களின் வாழ்க்கை சாதாரணமாகச் சரித்திரத்துக்குள் வருவதில்லை. இவருடையது வந்ததற்குக் காரணம், இவர் எழுதி வைத்தார் என்பது மட்டுமே.

அந்த எழுத்து அச்சுக்கு வந்த விதமே ஒரு தனிச் சரித்திரம். 1908ல் ஹாக்லிஃப் என்பவர் பதிப்பித்து முதல் பதிப்பு வந்தது. அது சுருக்கப் பதிப்பு. எதைச் சுருக்கினார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. கடவுளுக்கு ஓயாமல் செலுத்தப்படும் நன்றிகள், ஜெபங்கள், மழையும் வெயிலும், பிரசங்கம் பற்றிய குறிப்புகள், தன் உடம்பு, மனைவி மக்கள் உடம்பு ஆகியவை சுவாரஸ்யமற்றவை என்று நீக்கப்பட்டன. அரசியலும் போரும் நின்றன. ஒரு மனிதனின் வருஷத்திலிருந்து அவனுடைய வாரங்களை எடுத்துவிட்டு, அதில் எஞ்சியதைச் சரித்திர ஆவணம் என்று கொடுத்தார்கள். மானுடவியல் பயின்ற சரித்திராசிரியர் ஆலன் மாக்ஃபர்லேன் 1970ல் ஜாஸ்லினின் குடும்ப வாழ்க்கை பற்றி ஒரு நூல் எழுதி, 1976ல் நாட்குறிப்பை முழுமையாகப் பதிப்பித்த பிறகுதான் வெட்டப்பட்டவை மீண்டன. மீண்டவற்றில்தான் ஜாஸ்லின் இருக்கிறார்.

முழுப் பதிப்பைப் புரட்டும் வாசகனுக்கு முதலில் எரிச்சல்தான் வரும். வாரத்துக்கு வாரம் ஒரே வாய்பாடு. இந்த வாரம் ஆண்டவர் எனக்கும் என்னுடையவர்களுக்கும் நல்லவராக இருந்தார். சமாதானம், சரீர சுகம், போதுமான உணவு. பிறகு ஓய்வுநாள் ஊழியத்தில் கிடைத்த உதவிக்கு நன்றி. பிறகு ஒரு வேண்டுதல். இந்தச் சலிப்பைத் தாண்டினால் இது எந்த வகை எழுத்து என்பது பிடிபடுகிறது. இது ஒரு பேரேடு. பியூரிடன்களுக்குத் தற்செயல் என்று ஒன்று கிடையாது. குதிரையிலிருந்து விழாமல் தப்பியது வரவு. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது பற்று. பற்று வந்தால் அதற்கு ஈடான பாவம் தன் பக்கத்தில் எங்கோ இருந்தாக வேண்டும். அதைத் தேடிக் கண்டுபிடித்து எதிரில் எழுதுவதே நாட்குறிப்பின் வேலை.

1648ல் நடந்த ஒன்றைப் பார்த்தால் இது தெளிவாகும். பிப்ரவரியில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. தகப்பன் பெயரையே வைத்தார்கள், ரால்ஃப். பத்தே நாளில் குழந்தை இறந்தது. ஜாஸ்லின் தன்னைச் சோதித்துப் பார்க்கிறார். காரணங்கள் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்று சதுரங்கம். வேளைகெட்ட வேளையில் சதுரங்கம் ஆடினோம், நோயில் கிடந்தபோதும் அந்த ஆட்டமே மண்டைக்குள் ஓடியது, இனி அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மரணத்துக்கு அர்த்தம் வேண்டும் என்கிற தவிப்பில் கைக்கு எட்டிய காயை எடுத்து எதிர்க் கட்டத்தில் வைக்கிற செயல் இது. அதோடு இன்னொன்றும் எழுதுகிறார்: இது கடைசிப் பிள்ளை, எங்கள் பிரியம் இன்னும் இதனிடம் பழகவில்லை, இந்த அளவில் ஆண்டவர் இரக்கம் காட்டினார். ஈவிரக்கமற்ற நேர்மை. கணக்கு நேராகிவிட்டது.

1650 அப்படி முடியவில்லை.

அந்த வருஷத்தின் வெளிப்புறத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். முந்தின வருஷம் ஜனவரி 30ஆம் தேதி சார்லஸ் ராஜாவின் தலை வெட்டப்பட்டிருந்தது. ஜாஸ்லின் பாராளுமன்றத்தின் பக்கம் நின்றவர். 1648ல் கால்செஸ்டர் முற்றுகைக்கு முன்னால் ராஜாவின் படையினர் ஊருக்குள் வந்து அவர் வீட்டையும் கொள்ளையிட்டிருந்தார்கள். ஆனாலும் அந்த மரணச் செய்தியைக் கேட்டுக் கண்ணீரை அடக்க முடியவில்லை என்று எழுதியவர் அவர். 1650 ஜனவரியில், 18 வயதான ஒவ்வொரு ஆணும் ராஜாவும் பிரபுக்கள் சபையும் இல்லாத அரசுக்கு விசுவாசமாக இருப்பதாகக் கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஏற்கெனவே வேறு சத்தியங்கள் செய்திருந்த போதகர்களின் மனச்சாட்சிக்கு இது பெரும் சோதனை. 1640களின் பிற்பகுதியில் விளைச்சல் தொடர்ந்து பொய்த்து, தானிய விலை ஏழைகளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. செப்டம்பர் 3ஆம் தேதி டன்பாரில் கிராம்வெல் ஸ்காட்லாந்துப் படையைத் தோற்கடித்தார். அதே மாதக் கடைசியில் பாராளுமன்றம், ஞாயிறுதோறும் ஊர்க் கோயிலுக்கு வந்தே தீர வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை நீக்கியது. ஒரு கிராமப் போதகரின் காலடி மண் எவ்வளவு இளகிவிட்டது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். தன் சபையை ஜாஸ்லின் ஒரு சந்தர்ப்பத்தில் மூன்றாகப் பிரித்தார்: தன்னோடு நிற்கும் சிறு கூட்டம், தூங்கிக்கொண்டு கேட்பவர்கள், கேட்க வருவதே அரிதானவர்கள். அவருடைய ஊழியத்தின் அளவு பற்றி அவருக்கு மயக்கம் இருந்ததில்லை.

மே மாதம் வீட்டில் நான்கு பிள்ளைகள். மேரி, தாமஸ், ஜேன், பிறகு ஒரு வயது தாண்டிய ஒரு பையன். அவன் பெயரும் ரால்ஃப், 1648ல் போனவனின் பெயர். மாதக் கடைசியில் மேரி படுத்தாள். 27ஆம் தேதி, திங்கட்கிழமை, இறந்தாள். பெண்கள் அவளைக் கைகளில் ஏந்திக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். தகப்பன் கடைசியாக அவள் உதடுகளில் முத்தமிட்டு, உயிர்த்தெழுதல் வரைக்கும் என்று அந்த உடலைப் பத்திரமாக வைத்துவிட்டு வந்தார். ஜூன் 2ஆம் தேதி சின்ன ரால்ஃபும் இறந்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை, போதகரின் வேலை நாள். அதற்கு இரண்டொரு நாளில், குடும்பத்தோடு ஒட்டிப் பழகிய சிநேகிதி மேரி சர்ச் என்ற பெண்ணும் போனாள். ஏறத்தாழ பத்து நாளைக்குள் மூன்று சாவு. வாராவாரம் எழுதும் வாய்பாட்டில் வருகிற ‘என்னுடையவர்கள்’ என்ற சொல்லுக்குள் நான்கு பிள்ளைகள் இருந்தது போய் இரண்டு ஆயிற்று.

இப்போது பேரேட்டைப் பார்க்கலாம். பழைய பழக்கப்படி ஜாஸ்லின் தன் வழிகளைத் திரும்பிப் பார்க்கிறார். பெதஸ்தா குளக்கரையில் குணமானவனிடம் இயேசு சொன்ன எச்சரிக்கை அவரைத் துரத்துகிறது: திரும்பப் பாவம் செய்தால் இதைவிடக் கேடானது வரும். இதற்கு மேல் அம்பு எய்ய வேண்டாம் என்று கெஞ்சுகிறார். இதயம் நடுங்கியது என்கிறார். இனி என் மேலும் என்னுடையவர்கள் மேலும் கை நீளாது என்ற ஒரு உறுதி தனக்குக் கிடைத்ததாக நம்புகிறார். எல்லாம் முறைப்படிதான். ஆனால் சதுரங்கத்துக்கு ஒப்பான ஒன்று, பெயர் சொல்லக்கூடிய ஒரு சின்னக் குற்றம், மேரியின் சாவுக்கு எதிரில் அதே தெளிவோடு வந்து உட்காரவில்லை. அந்த இடத்தை வேறொன்று நிரப்புகிறது. மேரி எப்படிப்பட்டவள் என்று எழுதத் தொடங்குகிறார். அவளுடைய அறிவு, பெரிய மனுஷிபோன்ற நிதானம், படிப்பில் இருந்த ஆசை, கடவுளிடம் இருந்த பயம், பெற்றோரிடம் காட்டிய கீழ்ப்படிதல். விவிலியத்தின் காதல் பாடலில் வரும் வாசனைப் பொருளை எடுத்து மகளுக்குச் சூட்டுகிறார். சுருக்க எழுத்தில் பழகிய கை நீள எழுதுகிறது. குற்றம் எழுதவேண்டிய பத்தியில் புகழ் எழுதப்படுகிறது.

என் வாசிப்பில் இதுதான் 1650இன் சம்பவம். கணக்கு வடிவம் அப்படியே இருக்கிறது. ஜாஸ்லினின் விசுவாசம் ஒரு நூல்கூட அறுந்துவிடவில்லை. இதை நவீன மனிதனின் சந்தேகமாக மாற்றிப் படிப்பது நம் ஆசையை அவர்மேல் ஏற்றுவதாகும். நடந்தது அதைவிடச் சிறியது. எந்தப் பாவத்தை எதிரில் வைத்தாலும் எடை காணாது என்பது தெரிந்தபோது, கணக்கெழுதப் பழகிய ஒருவருக்குத் தெரிந்த ஒரே காரியத்தை அவர் செய்தார். பெற்றதைத் தொகை போட்டார். 8 வருஷம், 45 நாள். பற்றாக எழுத வேண்டிய மரணம் வரவின் பக்கம் ஏறிவிட்டது. ஒப்பாரி வைக்கத் தெரியாத ஒரு உரைநடைக்கு ஒப்பாரியாக அமைந்தது இந்தக் கூட்டல்.

பழைய காலத்துப் பெற்றோர் பிள்ளைகளிடம் பிரியம் வைத்தார்களா என்பது சரித்திராசிரியர்களிடையே பெரிய சர்ச்சையாக இருந்தது. பிலிப் ஆரியேஸ் 1960ல் தொடங்கிவைத்தார். குழந்தைகள் அத்தனை பேர் சாகும்போது ஒட்டுதல் கட்டுப்படியாகாது என்ற பார்வையை லாரன்ஸ் ஸ்டோன் 1977ல் விரிவாக எழுதினார். மாக்ஃபர்லேன் அதைக் கடுமையாக மறுத்தவர். ஜாஸ்லின் இரு தரப்புக்கும் சாட்சி சொல்ல அழைக்கப்படக் கூடியவர். பத்து நாள் குழந்தைக்கு எழுதியதைக் காட்டினால் அவர் ஸ்டோனின் ஆள். மேரிக்கு எழுதியதைக் காட்டினால் மாக்ஃபர்லேனின் ஆள். இரண்டையும் இரண்டே வருஷ இடைவெளியில் ஒரே கை எழுதியது என்பதை எந்தத் தரப்பில் வைப்பது? பிரியம் பழக்கத்தால் வளர்வது என்று அவரே சொல்லிவிட்டார். பத்து நாளுக்குப் பத்து நாளின் துக்கம், 8 வருஷத்துக்கு 8 வருஷத்தின் துக்கம். துக்கத்துக்கு அளவு உண்டு என்று ஒப்புக்கொள்கிறவன் துக்கப்படாதவன் ஆகிவிடமாட்டான். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைத்ததை, ஒன்று போனால் இன்னொன்று என்ற மனோபாவத்துக்கு அத்தாட்சியாகக் கொள்கிறவர்கள் இந்த வீட்டின் பெயர்களைப் பார்க்க வேண்டும். 1651ல் அடுத்த மகன் பிறந்தபோது ஜான் என்று பெயரிட்டார்கள். ரால்ஃப் என்ற பெயர் அதற்குப் பிறகு எந்தப் பிள்ளைக்கும் வைக்கப்படவில்லை. மேரி என்ற பெயர் 1658 வரை காத்திருந்து, பிறகு ஒரு பெண்ணுக்கு வந்தது.

இந்தப் பேரேட்டில் கணக்கு எழுதாத ஒருவர் இருக்கிறார். ஜேன் பத்துப் பிள்ளைகள் பெற்றாள். கரு கலைந்தவை தனி. பிள்ளைகளுக்குத் தன் பாலையே கொடுத்தாள். அவளுடைய பிரசவ பயம், அவள் உடம்பு, அவள் படுத்தது, எழுந்தது எல்லாம் கணவனின் எழுத்தில் வருகின்றன. மே மாதம் 27ஆம் தேதி அவள் என்ன சொன்னாள் என்பது எந்தக் காகிதத்திலும் நமக்கு வந்து சேரவில்லை. மேரிக்காக இவ்வளவு விஸ்தாரமாகத் திறந்த வாசல் அவளுடைய தாயிடம் போகவில்லை. ஆவணம் எதைக் கொடுத்தாலும் அதை எழுதிய கையின் பக்கமே சாய்ந்து கொடுக்கும் என்பதற்கு இதைவிட வேறு நிரூபணம் தேவையில்லை.

வருஷம் திரும்பியது. 1651இன் தொடக்கத்தில், ஏறத்தாழ ஒன்பது வருஷ இடைவெளிக்குப் பிறகு, ஏர்ல்ஸ் கோனில் இராப்போஜனம் மறுபடி பரிமாறப்பட்டது. யாரைச் சேர்ப்பது யாரை விடுவது என்ற குழப்பத்தில் பியூரிடன் போதகர்கள் பலர் அதை நிறுத்தியே வைத்திருந்தார்கள். தகுதியானவர்கள் என்று கருதப்பட்ட சிலர் மட்டும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஊழியம் நடந்தது, பள்ளிக்கூடம் நடந்தது, நிலத்தில் விதை விழுந்தது. கை நீளாது என்று கிடைத்ததாக நம்பிய உறுதி 23 வருஷம் நின்றது. 1673 கோடையில் தாமஸும் ஆனும், வளர்ந்த மகனும் வளர்ந்த மகளும், அடுத்தடுத்துப் போனார்கள். ஜாஸ்லின் அதற்குப் பிறகும் பத்து வருஷம், சாகும் வருஷம் வரை, எழுதிக்கொண்டிருந்தார். அந்த வாரங்களிலும் நன்றி எழுதப்பட்டிருக்கிறது. 1908இன் பதிப்பாசிரியர் சுவாரஸ்யமில்லை என்று வெட்டியது இந்த வகை வரிகளைத்தான்.