கட்டுமரமும் வெற்றிப் படகும்



சில ஆண்டுகளுக்கு முன்பு, ஐந்தாம் ஆண்டு மாணவர்களைக் கார்ன்வாலிஸ் கோட்டைக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றிருந்தேன். பாடாங் கோத்தா கடற்சுவரின் அருகே நாங்கள் நின்றிருந்தபொழுது, இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகொன்று விரைந்து சென்றது. "இதனை ஆங்கிலேயர் கட்டமரான் என்பர். இது நம் கட்டுமரமே. இதனைக் கண்டுபிடித்தவர்கள் தமிழர்கள்" என்று பெருமையுடன் கூறினேன். மாணவி ஒருத்தி, "ஐயா, படத்தில் பார்த்த கட்டுமரத்தில் மரங்கள் ஒட்டியல்லவா இருந்தன? இதில் நடுவே இடைவெளி இருக்கிறதே?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. பேச்சை மாற்றிவிட்டேன்.

அக்கேள்வி என்னை உறங்கவிடவில்லை. அதன் பிறகு படித்தறிந்தவற்றையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

பெயர் வந்த வழி

கட்டுமரம் என்னும் பெயர் ஐயத்திற்கிடமின்றி நம்முடையது. சோழமண்டலக் கரை மீனவர்கள், செதுக்கிய மரங்களை அடுத்தடுத்து வைத்துக் கயிற்றால் பிணைத்து அலைகளைக் கடந்தனர். நீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். ஆகவே அது நிறைந்து மூழ்குவதில்லை. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர்த்துவர். ஆங்கிலக் கடலோடியான வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில் இப்பெயரைக் குறிப்பிட்டுள்ளார்.

ஆனால் இரண்டு உடல்களை இடைவெளி விட்டு இணைக்கும் அமைப்பில் பெரும்புகழ் பெற்றவர்கள் பசிபிக் தீவுகளின் பொலினேசிய மக்கள். அத்தகைய படகுகளில்தான் அவர்கள் ஹவாய், நியூசிலாந்து போன்ற தொலைத் தீவுகளில் குடியேறினர். பின்னர் ஐரோப்பியர் நம் பெயரை அவர்களது படகு வகைக்குச் சூட்டிவிட்டனர். நான் மாணவர்களிடம் கூறியதில் பெயர் மட்டுமே சரி, கண்டுபிடிப்பு தவறு.

பந்தயத்தில் நுழைந்த கதை

1876-இல் அமெரிக்கரான நத்தானியேல் ஹெர்ரெஷாஃப் என்னும் 28 வயது இளைஞர், தாம் வடிவமைத்த 'அமரில்லிஸ்' என்னும் இரட்டையுடல் படகை நியூயார்க் பந்தயத்தில் செலுத்தினார். பெரிய பாய்மரப் படகுகளை எளிதில் முந்தினார். தோற்றவர்கள் முறையிட்டனர், அவரது வெற்றி செல்லாதென அறிவிக்கப்பட்டது. ஒலிம்பிக்கில் இவ்வகைப் படகு இடம்பெறச் சரியாக நூறாண்டுகள் ஆயின. 1976 முதல் 2008 வரை 'டொர்னாடோ', 2016 முதல் ஆணும் பெண்ணும் இணைந்து செலுத்தும் 'நாக்ரா 17' என்னும் வகைகள் களம் கண்டன.

முதல்வர்களைப் பிரிப்பது எது?

ஒலிம்பிக்கில் அனைவருக்கும் ஒரே வகைப் படகு, கடலும் ஒன்றே. அவ்வாறெனில் வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

காற்றை எதிர்த்து எந்தப் பாய்மரப் படகும் நேராகச் செல்ல இயலாது. இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பியே முன்னேற வேண்டும். இரட்டையுடல் படகு நேர்வழியில் மிக விரைவானது. திரும்பும்போதோ வேகத்தை இழந்துவிடும். ஆதலால் தேர்ந்தவர்கள் குறைவாகத் திரும்புவர். எங்கே திரும்புவது என்பதை முன்னரே கணித்துவிடுவர். டொர்னாடோ போன்ற படகில் பலத்த காற்று ஓர் உடலை நீரிலிருந்து உயர்த்தும். அது மிக உயர்ந்தால் வேகம் குறையும், கவிழவும் கூடும். நீரை ஒட்டியவாறே அதனை நிறுத்துவதற்கு, ஒருவர் கம்பியில் தொங்கி எடையைச் சரிசெய்ய, மற்றவர் சுக்கானை நடத்த வேண்டும். இருவரும் ஒரே நொடியில் இயங்க வேண்டும். இது பல்லாண்டுப் பயிற்சியால் மட்டுமே கைவரும். ஆஸ்திரியாவின் ரோமன் ஹாகாரா, ஹான்ஸ் பீட்டர் ஸ்டைனாஹர் இணை 2000, 2004 ஆகிய ஈராண்டுகளிலும் தங்கம் வென்றது. இத்தாலியின் ருஜெரோ தீத்தா, கத்தரீனா பாந்தி இணை தோக்கியோவிலும் பாரிசிலும் அதனையே செய்தது.

இன்னொரு பண்பும் உண்டு. அது பிழையை ஏற்றுத் திருத்துவது. 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற அமெரிக்கக் கோப்பையில், ஆரக்கிள் அணி நியூசிலாந்து அணியிடம் 1-8 எனப் பின்தங்கியிருந்தது. இன்னும் ஒரு தோல்வி போதும், எல்லாம் முடிந்துவிடும். அவ்வணியினரோ படகில் மாற்றங்கள் செய்தனர். செலுத்தும் முறையையும் மாற்றினர். தொடர்ந்து எட்டுப் பந்தயங்களை வென்று 9-8 எனக் கோப்பையைத் தக்கவைத்தனர்.

அர்ஜென்டினாவின் சாந்தியாகோ லாங்கே 2004-இலும் 2008-இலும் வெண்கலத்தோடு திரும்பியவர். 2015-இல் புற்றுநோயால் நுரையீரலின் ஒரு பகுதி அகற்றப்பட்டது. மறு ஆண்டு ரியோவில், தமது 54-ஆம் வயதில், செசிலியா கர்ரான்சாவுடன் ஒரே புள்ளி வேறுபாட்டில் தங்கம் வென்றார்.

நமக்கு என்ன பாடம்?

"முதல் நிலை மாணவனுக்கும் பிறருக்கும் என்ன வேறுபாடு?" என்று பெற்றோர் என்னை அடிக்கடி வினவுவதுண்டு. கூடுதல் வகுப்புகளையும் விலையுயர்ந்த பயிற்சி நூல்களையும் பற்றியே அவர்கள் எண்ணுகின்றனர். என் இருபதாண்டு அனுபவத்தில் நான் கண்டது வேறு. திருத்திக் கொடுத்த தாளைப் பெற்றவுடன் மதிப்பெண்ணைப் பார்த்து மூடிவைப்பவர் பலர். சிவப்பு மையிட்ட இடத்தைத் தேடிப் படிப்பவர் சிலர். அச்சிலரே முன்னேறுகின்றனர்.

ஆனால் ஆசிரியரே தம் பிழையை மறைத்தால், மாணவன் இதனை யாரிடம் கற்பான்? அடுத்த வாரம் வகுப்பில் கரும்பலகையின் முன் நின்று, "நான் அன்று கூறியது தவறு" என்றேன். வகுப்பு அமைதியானது. அம்மாணவியை அழைத்து, இரண்டு படகுகளையும் பலகையில் வரையச் சொன்னேன். கட்டுமரத்தின் கீழே அதன் பெயரைத் தமிழில் எழுதினாள். மற்றப் படகின் கீழே என்ன எழுதுவது என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அதற்கும் நம் பெயரையே எழுதம்மா, ஆனால் பெயரை மட்டுமே நாம் கொடுத்தோம் என்று பக்கத்தில் குறித்துவிடு" என்றேன்.

மொழிப்பற்று வேண்டும், அது உண்மையின்மேல் நிற்க வேண்டும். சிந்திப்போம்.