போர் முடிந்தது, முகாம் முடியவில்லை: கீழ்ப்புத்துப்பட்டு அகதிகளும் நம் கடமையும்

போர், அகதி என்றதும் காஸாவும் சூடானும் சிரியாவும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஜும்ஆவில் துஆ செய்கிறோம், நிதி திரட்டுகிறோம். செய்ய வேண்டியதுதான். ஆனால் போரால் வீடிழந்த மக்கள் நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பல்லாண்டுகளாக வாழ்கிறார்கள். ஆரோவில் பக்கமிருந்து மரக்காணம் உப்பளங்களை நோக்கிச் செல்லும் வழியில் உள்ள கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது.

வந்த வரலாறு

1983 ஜூலைக் கலவரம், 1990இல் மீண்டும் மூண்ட போர், 2006க்குப் பிந்தைய இறுதிக்கட்டப் போர் என அலை அலையாக 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகம் வந்தனர். படகில் இராமேசுவரம் கரை சேர்ந்தவர்கள் மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டு, பல மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 2009 மே மாதம் போர் முடிந்தது. பலர் திரும்பிச் சென்றாலும், 50 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இன்னும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள்.

அன்றாட வாழ்க்கை

பெயின்ட் அடிப்பதும் கட்டட வேலையுமே பெரும்பாலான ஆண்களின் பிழைப்பு. 2021இல் தமிழக அரசு முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. மாத உதவித்தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 என உயர்த்தியது. புதிய வீடுகளும் அறிவிக்கப்பட்டன.

இந்தக் கடற்கரையில் இயற்கையும் சோதிக்கிறது. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சல் புயல். ஃபெஞ்சலின்போது அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மழை ஓய்ந்தாலும் அன்றாடக் கூலிக்காரனுக்கு வேலை உடனே திரும்புவதில்லை.

தீராத சிக்கல்

உணவும் கூரையும் கிடைத்தாலும் ஊர் கிடைக்கவில்லை. 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவர் குடியுரிமை பெற, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல் விதி மேலும் இறுகியது. ஆகவே முகாமிலேயே பிறந்து பட்டம் வாங்கிய பிள்ளைக்கும் அரசு வேலை இல்லை, இந்தியப் பாஸ்போர்ட் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் முஸ்லிம்கள் விடுபட்டது நமக்குத் தெரியும். இலங்கைத் தமிழர்களும் அதில் இல்லை. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்தவர்களுக்கு, ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து 2025இல் மத்திய அரசு விலக்கு அளித்தது. அது நிம்மதி தரும், குடியுரிமை தராது.

இதே போரின் இன்னொரு பக்கம்

1990 அக்டோபரில் இலங்கையின் வடமாகாண முஸ்லிம்கள் சுமார் 75 ஆயிரம் பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அவர்களில் பெரும்பாலோர் மரக்காணம் போலவே உப்பளங்கள் நிறைந்த புத்தளத்துக்குப் போனார்கள். அங்குள்ளவர்கள் பள்ளிவாசல்களையும் தோப்புகளையும் திறந்துவிட்டார்கள். அவர்களும் பல்லாண்டுகள் முகாமில் கழித்தார்கள். அந்த வலியை அறிந்த சமுதாயம், மதம் பார்த்து அகதியை ஒதுக்க முடியாது.

நாம் செய்யக்கூடியது

ஜகாத் முஸ்லிம்களுக்கே உரியது என்பது பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர்களின் நிலை. ஸதகாவுக்கு அந்த வரம்பு இல்லை. அண்டை வீட்டார் உரிமைக்கும் இல்லை. பெருநாளில் ஒருவேளை பிரியாணி கொடுப்பதோடு நிற்காமல், ஒரு மாணவரின் கல்லூரிச் செலவை முழுப் படிப்புக்கும் ஏற்கலாம். நம் தொழில் நிறுவனங்களில் படிப்புக்கேற்ற வேலை தரலாம். கூலியைக் குறைக்காமல் கொடுக்கலாம். முகாமுக்குள் செல்ல அரசு அனுமதி தேவை. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாக அணுகுங்கள்.

புயல் நிவாரணம் ஒரு வாரத்துக்குப் போதும். முகாமில் பிறந்த பிள்ளைக்கு வேண்டியது பல ஆண்டுத் துணை. அதைத் தரும் மனத்தை அல்லாஹ் நமக்கு அருள்வானாக.