வட்டும் வளரியும்



அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரன் ஒரு பிளாஸ்டிக் வட்டு கொண்டுவந்தான். 'டிஸ்க் கோல்ஃப்' என்ற விளையாட்டுக்கானதாம். வட்டை வீசி வீசிக் கொண்டுபோய், சங்கிலி தொங்கும் ஒரு கூடையில் விழவைக்க வேண்டும். குறைந்த வீச்சில் முடித்தவர் ஜெயித்தார். தொலைவுக்கு ஒரு வட்டு, கூடைக்கு அருகில் ஒன்று, இடைத்தூரத்துக்கு ஒன்று என்று தனித்தனி. இது இடைத்தூர வட்டு, அதிலும் 'ஓவர்ஸ்டேபிள்' வகை.

ஆடிக் காற்று மலைப்பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. மலையைப் பார்த்து, எதிர்காற்றில் வீசிப் பார்த்தேன். வலது கைக்காரர் உடம்பின் இடப்புறமிருந்து சுழற்றி வீசினால், சாதாரண வட்டு எதிர்காற்றில் வலப்பக்கம் கவிழ்ந்துவிடும். இது கவிழவில்லை. நேராகப் போய், வேகம் குறைந்ததும் இடப்பக்கம் திரும்பி இறங்கியது. பத்துத் தடவையும் அதே மாதிரி. தூரம் போகாது, ஆனால் எங்கே இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம். வேகம், மிதப்பு, திரும்பல், இறக்கம் என நான்கு எண்களாக அந்தக் குணத்தை வட்டின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

இதன் வரலாறு சின்னதுதான். ஃபிரிஸ்பி என்ற பேக்கரியின் தகரத் தட்டை அமெரிக்க மாணவர்கள் வீசி விளையாடினார்கள். மாரிசன் என்பவர் செய்த பிளாஸ்டிக் தட்டு 1957-இல் அந்தப் பெயரோடு சந்தைக்கு வந்தது. எட் ஹெட்ரிக் 1975-இல் கலிபோர்னியாவில் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் திடல் அமைத்தார். (2002-இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படி அஸ்தியைக் கலந்து வட்டுகள் வார்த்தார்களாம். நாம் ஆற்றில் கரைக்கிறோம்!) 1983-இல் டேவ் டனிபேஸ் விளிம்பைச் சரிவாக்கினார். இன்றைய வட்டுகளுக்கெல்லாம் அதுதான் தாய்.

"எடை எங்கே இருக்கு, விளிம்பு எப்படி இருக்கு, அதுலதான் எல்லாம் இருக்கு தாத்தா" என்று அவன் சொன்னபோது எனக்கு வளரி நினைவுக்கு வந்தது.

வளரி, வளைதடி என்றெல்லாம் சொல்வார்கள். சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளின் ஆயுதம். கெட்டி மரத்தில், சில சமயம் இரும்பில், பிறை வடிவமாகச் செய்வார்கள். ஒரு முனை கனமாக இருக்கும், வெளி விளிம்பு கூராக இருக்கும். கனம் குறைந்த முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சில சுற்று சுற்றி வீச வேண்டும். எறிந்தவர் கைக்கே திரும்பி வரும் என்று மேடைகளில் பேசுகிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. முனை கனத்த அந்தக் கட்டை இலக்கை அடிக்கவே செய்யப்பட்டது.

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி 1830-இல் தன் ராணுவ நினைவுகளை நூலாக வெளியிட்டார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதலில் கற்றுத்தந்தவர் சின்ன மருது என்று அதில் எழுதுகிறார். கைதேர்ந்தவர் வீசினால் 100 கெஜத்துக்குள் எந்த இலக்கும் தப்பாதாம். அந்த வெல்ஷே 1801-இல் மருது சகோதரர்களுக்கு எதிரான படையில் வந்தார். தொடை முறிந்து கிடந்த தன் குருவைப் பார்த்தார். அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். நம் பக்கத்துத் திருப்பத்தூர் அல்ல, சிவகங்கைச் சீமையில் உள்ளது. நாற்பது வருஷம் போலப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன். வெல்ஷ் அதை வருத்தத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனாலும் எந்தப் பக்கம் நின்றார் என்பது மாறாதல்லவா?

அதே டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ், பாளையக்காரர்களும் அவர்கள் ஆட்களும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாதென அறிவித்தார். ராபர்ட் கிளைவின் மகன்தான் இவர்.

நூறு வருஷம் கழித்து, சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலில் புதுக்கோட்டை திவானின் குறிப்பு ஒன்று உண்டு. வளரி வீசத் தெரிந்த வல்லவர் யாரும் சமஸ்தானத்தில் இப்போது இல்லை, எப்போதாவது முயல், காட்டுக்கோழி பிடிக்கப் பயன்படுகிறது என்கிறார். மூன்று வளரிகள் அப்போது அருங்காட்சியகத்தில் இருந்தன. இரண்டு தந்தத்தில் செய்தவை, ஒன்று மரம். பொருள் இருக்கிறது, வீசும் கை இல்லை. எந்தச் சாய்வில் விட வேண்டும், எதிர்காற்றில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கையிலிருந்து கைக்குப் போன பாடம் அது.

தெற்குச் சீமையில் வாக்கப்பட்ட, வேலை பார்க்கிற மாணவச் செல்வங்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சில குலதெய்வக் கோயில்களில் வளரியை வைத்துக் கும்பிடுகிறார்கள். உங்கள் கண்ணில் பட்டால், பூசாரியிடம் அனுமதி கேட்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எந்த முனை கனம், கைப்பிடி எப்படி, எவ்வளவு நீளம் என்பதையும் பார்த்து எழுதுங்கள்.