பழவேற்காடு பறவைகள் சரணாலயம்

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ளது. சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டின் தமிழகப் பகுதியில் 1980இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 153.67 ச.கி.மீ. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது.

பறவைகள்: பூநாரை, கூழைக்கடா, உள்ளான், ஆலா முதலியன. பூநாரை ஆழமில்லாத நீரில் அலகைக் கவிழ்த்துச் சேற்றைத் துழாவி, நீரை வடித்துவிட்டு சிற்றுயிர்களை உண்ணும். வலசைப் பறவைகளைக் காண நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம்.

மீன்பிடிப்பு: இறால், நண்டு, மடவை முக்கியம். வலை விரிக்கும் இடங்களை மீனவர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு ‘பாடு’ எனப்படும். முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் மீன்வரத்து குறையும்.

கற்சிற்பங்கள்: டச்சுக்காரர் ஏரிக்கரையிலுள்ள பழவேற்காடு ஊரில் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். ஊருக்குள் நடந்தே சென்று பார்க்கத்தக்க அவர்களது கல்லறைத் தோட்டத்தின் வாயிலில், இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. ஒன்றின் தலைமேல் மணற்கடிகாரம் உள்ளது. கல்லறைப் பலகைகளில் குலச்சின்னங்களும் டச்சு எழுத்துகளும் செதுக்கப்பட்டுள்ளன. இத்தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.