கண்டியில் எழுதப்பட்ட தாயகம்

அயல்நாட்டில் வாழும் குடிமக்களுக்கு அவர்களுடைய அரசு நீட்டுகிற கைதான் தூதரக சேவை என்று பொதுவாகச் சொல்வார்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் புதிது தருவது, பிறப்பு இறப்புகளைப் பதிவது, சிறையில் கிடப்பவனைப் போய்ப் பார்ப்பது என்று இதன் வேலைகளை 1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் வரிசைப்படுத்திக் காட்டுகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: குடிமகன் முன்பே இருக்கிறான், தூதரகம் அவனைத் தேடி வருகிறது. இந்த வரிசை தலைகீழான ஓர் இடம் உண்டு. இலங்கையின் கண்டி. அங்கே அலுவலகம் முதலில் இருந்தது. குடிமக்கள் அதன் விண்ணப்பப் படிவங்களிலிருந்து பிறந்தார்கள். அவர்களில் பலர் இன்று நீலகிரியில் கொழுந்து பறிக்கிறார்கள்.

குந்தா பக்கம், மஞ்சூரை அடுத்த பிக்கட்டியில் ஒரு டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மூதாட்டி பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து வைத்தார். ஒன்று, காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் ஆன இந்தியப் பாஸ்போர்ட். புருஷன் பேரில் இருந்தது. அவரும் பிள்ளைகளும் அதற்குள்ளேயே அடக்கம். மற்றது, கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை. பேத்தியின் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்தில் இவற்றைக் காட்டியபோது, 'இது பழசு, நீங்க இந்தியாதானா?' என்று கேட்டார்களாம். 'நாங்க கேட்டா வந்தோம் தம்பி? எழுதிக் குடுத்துட்டு வந்தோம்' என்றார். கேட்பதற்கும் எழுதிக் கொடுப்பதற்கும் நடுவில் ஒரு வரலாறு கிடக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

கண்டி அலுவலகத்தின் வேர் காலனியக் காலத்தில் இருக்கிறது. கங்காணி ஆள் பிடித்து, கடனோடு ஆளைத் துரையிடம் ஒப்படைத்த நாட்களில் தொழிலாளியின் அடையாளம் 'துண்டு'. இன்ன கடன் தீர்ந்தால் இவனை விடலாம் என்று எழுதிய காகிதம். தோட்டத்தைக் குறிக்கும் தகர டிக்கெட்டைக் கழுத்தில் கட்டி அனுப்பிய காலமும் உண்டு. 1922-இல் இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே இந்திய அரசின் ஏஜெண்ட் ஒருவர் கண்டியில் உட்கார்ந்தார். கூலி, லயத்தின் நிலை, பிள்ளைகளின் படிப்பு இவற்றைப் பார்த்து ஆண்டறிக்கை எழுதுவது அவர் வேலை. 1939-இல் சாதாரணத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதையே இந்தியா தடை செய்தது. ஆள் வரத்து நின்றது. அங்கேயே பிறந்து, அங்கேயே பெரட்டுக்கு நின்று, அங்கேயே புதைந்தவர்கள் பெருகினார்கள். சுதந்திரத்துக்குப் பின் ஏஜெண்ட் போய், கண்டியில் இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் வந்தது. அதன் வேலையும் மாறியது: முன்பு நிலைமையை எழுதியது, இனி ஆட்களை எழுதும்.

1948-இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றதன் நினைவு அந்தச் சட்டங்களுக்குள் இருப்பதை வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்கலாம். அதே 1949-இல் வந்த இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு சந்து விட்டது: மணமானவர் ஏழு ஆண்டு, மணமாகாதவர் பத்து ஆண்டு தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும். லயத்தில் எவனிடம் அதற்குக் காகிதம் இருக்கும்? எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

இந்தியப் பக்கம் பார்த்தால் அரசியல் சட்டத்தின் 8-ஆவது பிரிவு கண்ணில் படுகிறது. பெற்றோரிலோ தாத்தா பாட்டியிலோ ஒருவர் அன்றைய இந்தியாவில் பிறந்திருந்து, வெளிநாட்டில் வாழ்பவர், அங்குள்ள இந்தியத் தூதரகப் பிரதிநிதியிடம் விண்ணப்பித்துப் பதிவு செய்துகொண்டால் இந்தியக் குடிமகன். தூதரக மேசையே குடியுரிமையின் பிறப்பிடமாகலாம் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. ஆனால் இது வேண்டுவோருக்கான வழி. வேண்டாதவர்களை இந்த வழியில் தள்ளிவிட ஓர் ஒப்பந்தம் தேவைப்பட்டது.

1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கு. இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பத்து ஆண்டு கழித்து, 1974-இல், இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மக்களைக் கேட்காமல் மக்களைப் பங்கு பிரித்த கணக்கு. இலங்கை நாலு பேருக்குக் குடியுரிமை தந்தால் இந்தியா ஏழு பேரை ஏற்க வேண்டும் என்ற விகிதமும் அதில் இருந்தது.

பிறகுதான் 'விருப்பம்' வருகிறது. ஒவ்வொரு குடும்பமும் எந்த நாடு வேண்டும் என்று தானே விண்ணப்பிக்க வேண்டும். ஏட்டளவில் இது சுதந்திரமான தேர்வு. ஆனால் எத்தனை பேர் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிட்டது. இந்தியாவுக்கு எழுதியவர்கள் 5,25,000-ஐ எட்டவே இல்லை. இலங்கைக்கு எழுதியவர்கள் ஒதுக்கீட்டைத் தாண்டி நின்றார்கள். தொகை தப்பினால் தள்ளிவிடும் காரியத்தை வாழ்க்கையே செய்தது. எழுபதுகளின் நடுவில் தோட்டங்கள் அரசுடைமையான குழப்பம், தோட்டங்களில் பட்டினிச் சாவு, 1977, 1981, 1983 வன்முறைகள். வயிறும் பயமும் நிரப்பிய படிவத்தையும் நாம் 'விருப்பம்' என்றே படித்துக்கொண்டிருக்கிறோம்.

எழுதியபின் நடப்பது எளிய இயந்திர வேலை. கண்டியில் பாஸ்போர்ட், குடும்ப அட்டை. தோட்டத்துச் செக்ரோலில் பேர் வெட்டப்படும். குறித்த காலத்துக்குள் கிளம்ப வேண்டும். சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் கையோடு எடுத்துப்போகலாம், அதற்கான உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் கருணை. தலைமன்னாருக்குப் போன ரயிலுக்குச் சனங்கள் வைத்த பேர் 'ஒப்பாரிக் கோச்சி'. அண்ணன் இந்தியா, தங்கச்சி சிலோன் என்று ஒரே லயம் இரண்டு தேசமாகிப் பிளாட்பாரத்தில் நின்று அழுதது. கப்பல் இராமேஸ்வரத்தில் இறக்கும். அங்கிருந்து மண்டபம் முகாம். அந்த முகாமே ஒரு காலத்தில் இலங்கைக்குப் போகிற கூலிகளை நோய்த்தடுப்புக்காக அடைத்துவைக்க இலங்கை அரசு நடத்தியது. தாத்தா வெளியேறிய வாசல் வழியாகவே பேரன் உள்ளே வந்தான். பேரனுக்கு அது முதல் தடவை. அரசு அவனுக்குத் தந்த பேரோ 'தாயகம் திரும்பியவர்'. போகாத இடத்துக்கு எப்படித் திரும்புவது?

1984-இல் கப்பல் நிற்பதற்குள் குழந்தைகளும் சேர்த்து நாலரை லட்சத்துக்கு மேல் வந்துவிட்டார்கள். அவர்களுக்காகவே நீலகிரியில் 1968-இல் வனத்துறை காட்டைத் திருத்தித் தேயிலை நட்டது; எழுபதுகளின் நடுவில் அது டான்டீ என்ற அரசுக் கழகமானது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் என்று குடும்பங்கள் பரவின. டான்டீயில் இடம் கிடைக்காதவர்கள் தனியார் தோட்டங்களிலும் படகர்களின் சிறு தேயிலைத் தோட்டங்களிலும் பறித்தார்கள். இலங்கையில் 'இந்தியக்காரன்', இங்கே 'சிலோன்காரன்'. காகிதம் தேசத்தை மாற்றியது, வாய்ப்பேச்சை மாற்றவில்லை.

ஒரு நியாயமான மறுப்பு வரும். இந்தியா இவர்களைக் கைவிடவில்லையே, குடியுரிமை, வாக்கு, வேலை தந்ததே? உண்மை. உரிமைகளைப் பெறுவதற்கே முதலில் ஓர் உரிமை வேண்டும் என்று நாடற்றோர் குறித்து ஹன்னா அரெண்ட் வாதிட்டார். கண்டி மேசை அந்த முதல் உரிமையைத் தந்தது. அது கிடைக்காதவர்களின் கதி என்ன ஆயிற்று என்று பார்த்தால் அதன் எடை தெரியும். 1983-க்குப் பின் இதே மலையகத்திலிருந்து படிவம் நிரப்பாமல், உயிர் பிழைக்க ஓடிவந்தவர்கள் 'அகதி' ஆனார்கள். பூர்வீகம் ஒன்று, தோட்டம் ஒன்று, வந்த வழி மட்டும் வேறு. இலங்கையே 2003-இல் சட்டமியற்றி, அங்கே தங்கிவிட்டவர்களை ஏற்றுக்கொண்டது. முகாமில் இருந்தவர்கள் அந்தரத்தில் தொங்கினார்கள். 2019 ஜூனில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை, இந்திய வம்சாவளி முகாம்வாசிகளின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது. அதே ஆண்டு இறுதியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் பட்டியலில் இலங்கை இல்லை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த பெண் ஒருவருக்குப் பாஸ்போர்ட் வாங்கவே 2022-இல் நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்று சட்டம் சொல்லியும்!

ஆகவே கண்டிக் காகிதம் அற்பமானதல்ல என்பதை ஏற்போம். ஆனால் அது என்ன வகைக் காகிதம் என்பதில்தான் நமக்குத் தகராறு. அரசும் அறிஞர்களும் அதை மறுவாழ்வு உதவி என்ற தலைப்பில் வாசிக்கிறார்கள். என் வாசிப்பில் அது ஒரு கடன் பத்திரம். ஒரு தொழிலாளி தன் பிறந்த மண், செக்ரோல் பேர், உடன்பிறப்பு இவற்றை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டார். எதிர்ப்பக்கம் ஓர் அரசு வேலையும் வாழ்விடமும் தருவதாக எழுதியது. தொழிலாளி தன் பக்கத்தை ஒரே நாளில், தலைமன்னாரில், முழுக்க நிறைவேற்றிவிட்டார். அரசு தன் பக்கத்தைத் தவணையில் கட்டிக்கொண்டு அதற்கு 'நலத்திட்டம்' என்று பேர் வைத்தது. டான்டீ நட்டத்தில் ஓடுகிறது என்று அதன் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே திருப்பித் தர 2022-இல் அரசு முடிவெடுத்தது. ஓய்வு பெற்றவர்கள் லயத்து வீட்டைக் காலி செய்யும் பிரச்சினையும் கூடவே எழுந்தது. கழகத்தின் நட்டக் கணக்கில் ஒப்பந்தத்தின் கடன் எந்தப் பத்தியிலும் வரவில்லை.

பிக்கட்டியில் அந்த மூதாட்டி காகிதங்களைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தார். 'பழசு'ங்கிறாங்களே, தூக்கிப் போட்டுற வேண்டியதுதானே என்றேன், வாயைக் கிளறத்தான். 'நாங்க எழுதிக் குடுத்தது அவங்ககிட்ட இருக்கு. அவங்க எழுதிக் குடுத்தது எங்ககிட்ட இருக்க வேணாமா?' என்றார்.